கால்வாய்க் கரையில் ஓர் அறை: உத்ரெக்டில் வாடகைக்குச் சட்டம் உண்டு, வாசலுக்கு இல்லை

உத்ரெக்ட் நகரின் நடுவே ஓடும் அவுடெக்ராக்ட், அதாவது 'பழைய கால்வாய்', நெதர்லாந்தின் மற்றக் கால்வாய்களைப் போன்றதன்று. ஆம்ஸ்டர்டாமில் தெருவும் நீரும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். இங்கே தெரு மேலே போகிறது. நீரை ஒட்டி ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாகத் தாழ்ந்து இன்னொரு கரை செல்கிறது. 1122-இல் நகர உரிமை பெற்ற இந்த ஊரில் வணிகர்கள் படகிலிருந்து இறக்கிய சரக்கைத் தெருவுக்கு ஏற்றாமல், தெருவின் அடியிலேயே குடைந்து கட்டிய நிலவறைகளின் வழியாக நேரே தம் வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட நிலவறைகள் 700-க்கும் மேல் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் இப்போது உணவகங்களும் மதுக்கூடங்களும் நடக்கின்றன. வெயில் அடிக்கும் முதல் நாளிலேயே கீழ்க்கரை முழுதும் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த அமைப்பைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நகர மையத்தில் அறை தேடுபவருக்குக் கிடைக்கும் அறையின் அளவு, விலை, சத்தம், படிக்கட்டு எல்லாமே இந்தப் பழைய கட்டடங்களிலிருந்தே பிறக்கின்றன. வீட்டுமனை முகப்பில் குறுகி, பின்னோக்கி நீண்டது. அதனால் படிக்கட்டுக்கு ஒதுக்க இடமில்லை; ஏணியை விடச் சற்றே மேலான செங்குத்துப் படிகளில் பக்கவாட்டில் கால் வைத்து ஏற வேண்டியிருக்கும். நிலவறையில் உணவகம், தரைத்தளத்தில் கடை, அதற்கு மேல் இரண்டு மூன்று தளங்களில் அறைகள், கூரைக்கு அடியில் சாய்சுவரோடு ஒரு மாடி அறை என்பதே பொதுவான அடுக்கு. தெருவுக்கு அடியில் நிலவறைகள் இருப்பதால் கால்வாயோரத் தெருக்களில் கனரக வாகனங்களுக்கு எடை வரம்பு உண்டு. மதுக்கூடங்களுக்கான பீப்பாய்களே படகில்தான் வருகின்றன. புதிதாகக் குடிவருபவரின் கட்டிலும் மேசையும் பெரும்பாலும் முன்னால் பெட்டி பொருத்திய சரக்கு மிதிவண்டியில் வந்து சேரும்.

இத்தனை அசௌகரியத்துக்கும் ஆள் போட்டி போடுவது ஏன் என்பதற்கு விடை எளிது. 1636-இல் தொடங்கிய உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி இப்போது நகருக்குக் கிழக்கே தனி வளாகமாக இருந்தாலும், சட்டமும் மொழி, வரலாறு போன்ற மனிதவியல் துறைகளும் இன்னும் பழைய நகரத்துக்குள்ளேயே நடக்கின்றன. 112 மீட்டர் உயர டொம் கோபுரத்தின் இசைமணி கேட்கும் தூரத்தில் வசித்தால் வகுப்பு, வேலை, நண்பர்கள், ரயில் நிலையம் எதற்கும் மிதிவண்டியில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. நாட்டின் நடுவே, முக்கிய ரயில் பாதைகள் பல சந்திக்கும் ஊர் என்பதால் மாணவர் மட்டுமல்ல, புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்களும் இதே அறைகளைத்தான் தேடுகிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் பலர் வியக்கும் செய்தி என்னவென்றால், இவ்வளவு நெருக்கடியான சந்தையில் அறையின் வாடகையைச் சந்தை தீர்மானிக்கக் கூடாது என்பதே சட்டம். நெதர்லாந்தில் 1979 முதல் வாடகைக்குப் புள்ளிக் கணக்கு ஒன்று நடைமுறையில் உள்ளது. தனி வாசலும் தனிச் சமையலறையும் கொண்ட முழு வீடுகளில் குறிப்பிட்ட புள்ளிகளைத் தாண்டியவற்றுக்கு மட்டும் வாடகையை உரிமையாளர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சமையலறையையோ கழிப்பறையையோ பிறரோடு பகிரும் அறைக்கு அந்த விலக்கு கிடையாது. அறை எவ்வளவு அழகாக இருந்தாலும், கால்வாயைப் பார்த்த சன்னல் இருந்தாலும், அதன் உச்ச வாடகை புள்ளிகளுக்குள் அடங்கியாக வேண்டும்.

கணக்கு ஏறத்தாழ இப்படிப் போகிறது. குடியிருப்பவர் தமக்கென்று வைத்திருக்கும் அறையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி. பகிரும் கூடத்துக்கும் சமையலறைக்கும் உரிய புள்ளிகளை எத்தனை பேர் பகிர்கிறார்களோ அத்தனையால் வகுக்க வேண்டும். அறையில் வெப்பமூட்டி இருக்கிறதா, சமையல் மேடை எவ்வளவு நீளம், கழிப்பறையும் குளியலறையும் எத்தனை பேருக்குப் பொது, கட்டடம் ஆற்றலை எவ்வளவு வீணாக்குகிறது, நகராட்சி அதற்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் தனித்தனியே புள்ளி உண்டு. (நம் 'கக்கூஸ்' டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் என்பார்கள். அவர்கள் ஊரில் அதைப் பங்கு போட்டு வாடகையில் கழிக்கும் அளவுக்குக் கணக்கு வளர்ந்திருக்கிறது.) கூட்டி வரும் புள்ளிக்கு அரசு அட்டவணையில் ஒரு யூரோத் தொகை இருக்கும். அதற்கு மேல் அடிப்படை வாடகை வாங்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டுப்படியாகும் வாடகைச் சட்டம் இந்தக் கணக்கைப் புதுப்பித்ததோடு, மீறும் உரிமையாளர் மீது நகராட்சியே நடவடிக்கை எடுக்கவும் வழி செய்தது. 2025 தொடக்கம் முதல் புது ஒப்பந்தங்களோடு புள்ளிக் கணக்கையும் உரிமையாளர் இணைத்துத் தர வேண்டும்.

வரலாற்று மையம் என்பது இந்தக் கணக்கில் இரண்டு எதிர்த் திசைகளில் இழுக்கிறது. பழைய கட்டடத்தின் ஒற்றைக் கண்ணாடிச் சன்னலும் கசியும் கூரையும் ஆற்றல் மதிப்பீட்டில் அதைக் கீழே தள்ளும். அதே கட்டடம் தேசிய அளவில் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக இருந்தால், புதிய ஒப்பந்தங்களில் புள்ளிக் கணக்கு தரும் உச்ச வாடகைக்கு மேல் 35 விழுக்காடு வரை கூட்டிக்கொள்ளலாம். நகராட்சிப் பட்டியலில் உள்ள சின்னமானால் 15 விழுக்காடு. பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கும் செலவை ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடக்கூட அனுமதி கேட்க வேண்டிய உரிமையாளரின் நிலையில் இருந்து பார்த்தால் இது நியாயமாகவே தோன்றும். குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையோடு படிக்க உட்காரும் குடியிருப்பாளருக்கோ, குளிருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பதாகத் தோன்றும். இரண்டு எண்ணங்களையும் முற்றிலும் தவறென்று தள்ள முடியவில்லை.

வாடகை அதிகம் என்று நினைப்பவர் ஹ்யூர்கொமிசி எனப்படும் வாடகை ஆணையத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, குடியிருப்பாளர் கட்ட வேண்டிய கட்டணம் 25 யூரோதான், வழக்கு அவர் பக்கம் முடிந்தால் அதுவும் திரும்பி வரும். ஒப்பந்தம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால், குறைக்கப்படும் வாடகை முதல் நாளிலிருந்தே செல்லும். வீட்டில் பெரிய பழுது இருந்து உரிமையாளர் சரிசெய்யாமல் விட்டால், சரிசெய்யும் வரைக்கும் வாடகையைத் தற்காலிகமாகப் பெருமளவு குறைக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்த ஏற்பாட்டில் உரிமையாளர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. அடிப்படை வாடகை தனியாகவும், மின்சாரம், எரிவாயு, இணையம், பொது இடத் துப்புரவு போன்ற சேவைச் செலவு தனியாகவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். சேவைச் செலவுக்கு மாதந்தோறும் வாங்குவது முன்பணம் மட்டுமே. ஆண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் உண்மைச் செலவைக் காட்டிக் கணக்கு முடிக்க வேண்டும். 'எல்லாம் சேர்த்து 700 யூரோ' என்று ஒரே தொகையாக எழுதிவிட்டால், குடியிருப்பாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆணையம் அதைப் பிரிக்கும்போது 55 விழுக்காட்டை அடிப்படை வாடகையாகவும் 25 விழுக்காட்டைச் சேவை முன்பணமாகவும் வைக்கிறது. அதாவது 385 யூரோவும் 175 யூரோவும், ஆக 560. மீதி 140 யூரோ காற்றோடு போய்விடும். பிரித்து எழுதாததற்கு இதைவிடத் தெளிவான தண்டனையை ஒரு சட்டத்தால் எழுத முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் நகர மையத்து அறைகளில் வரம்புக்கு மேல் வாடகை கொடுத்துக்கொண்டு பலர் பேசாமல் இருக்கிறார்கள். அறியாமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அறை கிடைத்ததே பெரும்பாடு என்ற நினைப்பு. கீழே வசிக்கும் உரிமையாளரோடு தினமும் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. உடைந்த குழாயைச் சரிசெய்யவும் அவரைத்தான் அழைக்க வேண்டும். சட்டப்படி அவர் பழிவாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

இனி உண்மையான கதவுக்கு வருவோம். மாணவர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் அறை காலியானால், புதியவரை உரிமையாளர் தேர்ந்தெடுப்பதில்லை. மீதி இருப்பவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். உத்ரெக்டில் மாணவர் குடியிருப்புகளை நடத்தும் எஸ்எஸ்ஹெச் என்ற வீட்டுவசதி நிறுவனத்தின் பல வீடுகளில்கூட இதுவே வழக்கம். இந்தத் தேர்வுக்காக ஒரு மாலையில் நடத்தும் சந்திப்புக்குப் போவதை ஹோஸ்பிட்டேரன் என்கிறார்கள். 'ஹோஸ்பிட்டா' என்றால் தன் வீட்டில் அறை கொடுத்துச் சோறும் போடும் வீட்டுக்காரம்மாள். மாணவர்கள் நெடுங்காலம் அப்படிப்பட்ட வீடுகளில்தான் தங்கினார்கள். வீட்டுக்காரம்மாளின் இடத்தில் இப்போது ஆறேழு மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவுடெக்ராக்டில் எட்டுப் பேர் வசிக்கும் வீட்டில் 12 சதுர மீட்டர் அறை ஒன்று காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் போட்ட சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் கடிதம் குவியும். அவற்றைப் படித்துப் பத்துப் பதினைந்து பேரை ஒரே மாலைக்கு அழைப்பார்கள். கூடத்தில் வட்டமாக உட்காரவைத்துக் கையில் பீரோ தேநீரோ கொடுத்து, பெயர், படிப்பு, சமைப்பாயா, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய், நீ ஒரு காய்கறி என்றால் எந்தக் காய்கறி என்றெல்லாம் கேட்பார்கள். வந்தவர்கள் போன பின் எட்டாவது ஆளாக யாரோடு குளியலறையைப் பகிரலாம் என்று பேசி முடிவு செய்வார்கள். பணமோ மதிப்பெண்ணோ இங்கே செல்லாது, பேச்சுதான் செல்லும். எல்லோரும் சிரித்துப் பேசும் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் போலக் களைப்பூட்டும் நேர்முகத் தேர்வு வேறில்லை என்று, பத்து வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கியவர்கள் சொல்வார்கள். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கதவின் வழியே இரவு இரண்டு மணிக்கு வந்து போகப்போகும் ஒருவரைக் காத்திருப்போர் பட்டியலின் எண்ணைக் கொண்டு மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொன்னால் அதுவும் எளிதன்று.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கேதான் கதவு சாத்தப்படுகிறது. விளம்பரங்களில் 'டச்சு பேசுபவர் மட்டும்' என்ற வரி சர்வசாதாரணம். 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நல்ல வாடகைக்கு விடுதல் சட்டம், அறை தருபவரும் தரகரும் பாகுபாடு காட்டக் கூடாதென்றும், தேர்வு முறையை முன்கூட்டியே தெளிவாக்க வேண்டுமென்றும் சொல்கிறது. வீட்டுக்குள் இருக்கும் ஏழு பேரின் விருப்பு வெறுப்பை அது எட்டிப் பிடிப்பது கடினம். டச்சு மாணவர் அறை கிடைக்கும் வரை பெற்றோர் வீட்டிலிருந்து ரயிலில் வந்து போகலாம். சென்னையிலிருந்தோ நைரோபியிலிருந்தோ வருபவருக்கு அந்த வசதி இல்லை. 2018 இலையுதிர் காலத்தில் வடக்கேயுள்ள குரோனிங்கன் நகரில் அறை கிடைக்காத வெளிநாட்டு மாணவர்களுக்காகக் கூடாரங்களே அமைக்க வேண்டி வந்தது. அதன் பின் பல பல்கலைக்கழகங்கள், தங்குமிடம் உறுதியாகவில்லை என்றால் புறப்பட்டு வர வேண்டாம் என்று மாணவர்களை வெளிப்படையாகவே எச்சரித்தன.

இந்தப் பதற்றத்தை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புகிறேன் என்று எழுதுபவர்களிடம் பணத்தை இழந்தவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அறையைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை என்ற ஒரு விதியே அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருக்கும். வைப்புத்தொகை இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. உரிமையாளருக்காக வேலை செய்யும் தரகர் குடிவருபவரிடமும் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். 'நிர்வாகக் கட்டணம்' என்று பெயர் மாற்றினாலும் அப்படியே.

இன்னொரு சிக்கல் பதிவு. நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருபவர், வந்த ஐந்து நாளுக்குள் தம் முகவரியை நகராட்சியில் பதிந்துகொள்ள வேண்டும். அதன் வழியேதான் குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். சம்பளம், காப்பீடு என்று எதைத் தொட்டாலும் அந்த எண் கேட்கப்படும். ஆனால் சில அறைகள் 'பதிவு இல்லை' என்ற நிபந்தனையோடு வருகின்றன. பெரும்பாலும் அதன் பொருள், உரிமையாளர் அனுமதியின்றி அறைகளாகப் பிரித்திருக்கிறார் அல்லது குடியிருப்பவர் தம் அறையை ரகசியமாக உள்வாடகைக்கு விடுகிறார் என்பதே. உண்மையில் வசிப்பவரின் பதிவைத் தடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. எனினும் அந்த வரியைப் பார்த்த பிறகும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இவ்வளவு பேர் நிற்கும் ஊரில், கால்வாயோரம் நடந்து அண்ணாந்து பார்த்தால் கடைகளுக்கு மேலே விளக்கெரியாத சன்னல்கள் தென்படும். டச்சு நகர மையங்கள் எல்லாவற்றிலும் உள்ள பழைய நோய் இது. கடையின் முகப்பை அகலப்படுத்துவதற்காக, மேல்தளத்துக்குப் போகும் தனி வாசலையும் படிக்கட்டையும் இடித்துக் கடைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பின் மேலே போக வேண்டுமானால் கடைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். ஆகவே அங்கே யாரும் குடியிருக்க முடியாது, அட்டைப் பெட்டிகளைத்தான் அடுக்கலாம். கடை வாடகை அதிகமாக வரும் தெருவில், மாடிக்கு வழிவிட ஒரு மீட்டர் முகப்பை இழப்பது உரிமையாளருக்குக் கட்டாது. மாஸ்டிரிக்ட் நகரம் இதற்கென்றே தனி நிறுவனம் அமைத்து, இரண்டு மூன்று கட்டடங்களின் மாடிகளைப் பின்புறமாக ஒரே படிக்கட்டில் இணைத்து வீடுகளாக்கிக் காட்டியது. செலவு பிடிக்கும் வேலை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் சுவரைத் துளைக்க ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும் என்பதால் காலமும் பிடிக்கும்.

அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு நகராட்சியே தடையாக நிற்கும் இடமும் உண்டு. ஒரு முழு வீட்டை அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட உத்ரெக்டில் உருமாற்ற அனுமதி வேண்டும். ஒரே தெருவில் மாணவர் வீடுகள் பெருகினால் மிதிவண்டிகளும் குப்பைப் பைகளும் நள்ளிரவு இசையும் பெருகும் என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்கள்; குழந்தைகளோடு வாழ வீடு தேடும் குடும்பங்களும் வரிசையில் நிற்கின்றன. இதற்கிடையே முதலீட்டுக்காக வீடு வாங்குவோர் கட்ட வேண்டிய பரிமாற்ற வரி 2021-இல் 8 விழுக்காடாகவும் 2023-இல் 10.4 விழுக்காடாகவும் உயர்ந்தது. 2026-இல்தான் மறுபடி 8 ஆனது. புள்ளிக் கணக்கும் கண்டிப்பானதால், அறை காலியாகக் காலியாக வீட்டை விற்றுவிட்டு வெளியேறும் உரிமையாளர்கள் கூடியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு வாடகை குறைகிறது. வெளியே நிற்பவருக்கு அறையே குறைகிறது. இந்தச் சட்டங்களைக் குறை சொல்வோரும் ஆதரிப்போரும் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுவதுதான் வழக்கம்.

உள்ளே போய்விட்டவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு உண்மையிலேயே உறுதியானது. 2024 ஜூலை முதல் காலவரையற்ற ஒப்பந்தமே பொது விதி. குடியிருப்பவர் ஒரு மாத முன்னறிவிப்பில் போகலாம். உரிமையாளர் வெளியேற்ற வேண்டுமானால் சட்டம் சொல்லும் காரணம் ஒன்று வேண்டும், அதையும் குடியிருப்பவர் ஏற்காவிட்டால் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். விதிவிலக்குகள் சில. வேறு ஊரிலிருந்து படிக்க வருபவருக்குத் தற்காலிக ஒப்பந்தம் தரலாம். மாணவர் ஒப்பந்தம் எனப்படும் வகையில், படிப்பு முடிந்த பின் அறையை அடுத்த மாணவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். உரிமையாளர் வசிக்கும் அதே வீட்டில் எடுக்கும் ஒற்றை அறையில், முதல் ஒன்பது மாதம் அவர் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாத இருவர் ஒரே சமையலறையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அறைக்கு அரசின் வாடகை உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனி வாசலும் தனிச் சமையலறையும் தனிக் கழிப்பறையும் உள்ள சின்னஞ்சிறு வீட்டுக்கு அது கிடைக்கும் என்பதால், வாடகை கூடுதலான தனி வீடு கைக்காசுக் கணக்கில் அறையைவிட மலிவாக முடிவதும் உண்டு.

ஆண்டுக் கடைசியில் யாரோ ஒருவர் படிப்பு முடித்து ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுப்பார். ஒரு வாரத்துக்குள் அதே கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்படும். போன ஆண்டு பதினைந்து பேரில் ஒருவராக வந்து, காய்கறிக் கேள்விக்குத் திணறிப் பதில் சொல்லி அறையைப் பெற்றவர், இந்த முறை சோபாவில் உட்கார்ந்து வந்திருப்பவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டிருப்பார்.